கீரைத்தட்டில் தொடங்குங்கள்: ரங்கூன் வீட்டுச் சமையலைப் புதுக் காய்களோடு மாற்றிக்கொள்வது எப்படி

சாப்பாட்டை மாற்ற வேண்டும் என்று முடிவெடுத்ததும் நம்மில் பலர் முதலில் செய்வது, எதையெல்லாம் விடப்போகிறோம் என்று பட்டியல் போடுவதுதான். சோறு வேண்டாம், எண்ணெய் வேண்டாம், டீ வேண்டாம், இனிப்பு வேண்டவே வேண்டாம். நாலாவது நாள் சொந்தத்தில் ஒரு கல்யாணம் வரும், தன்பவுக் என்கிற பர்மியப் பிரியாணி அண்டாவைத் திறப்பார்கள், அந்த வாசனையோடு பட்டியலும் போய்விடும். எங்கள் வீட்டில் இரண்டு தடவை இப்படி ஆனது. மூன்று வருடத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை என்று தெரிந்தபோது பயத்தில் எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினோம், அவர் ஒரு மாதம் பேசாமல் சாப்பிட்டார், அப்புறம் வெளியே டீக்கடையில் சாப்பிட ஆரம்பித்துவிட்டார். அதனால் உங்களிடம் நான் முதலில் கேட்டுக்கொள்வது இதுதான்: டாக்டர் நிறுத்தச் சொன்னதைத் தவிர, முதல் இரண்டு வாரம் வேறு எதையும் நிறுத்தாதீர்கள். வழக்கமான சாப்பாட்டோடு ஒன்றைக் கூடுதலாக வையுங்கள். பச்சையாகவோ லேசாக வெந்ததாகவோ, ஆளுக்கு ஒரு கை நிறையக் கீரையும் காயும்.

இதை எனக்குக் காட்டியவர் எங்கள் எதிர்வீட்டு பர்மிய அக்கா. அமா என்றுதான் கூப்பிடுவேன், அவர்கள் மொழியில் அக்கா என்று அர்த்தம். அறுபதைத் தாண்டியவர், தினமும் நாலு மாடி ஏறி இறங்குகிறார். மத்தியானம் அவர் வீட்டுக் கதவு திறந்திருந்தால் சாப்பாட்டு மேசை கண்ணில் படும். ஆளுக்கு ஒரு தட்டில் சோறு, மீன் குழம்பு சின்னக் கிண்ணத்தில், ஒரு புளிப்பு சூப், நடுவில் பெரிய தட்டு நிறைய தோசயா. தோசயா என்றால் தொட்டுக்கொண்டு சாப்பிடும் காய் கீரைகள். வல்லாரை, வெள்ளரிப்பிஞ்சு, சிறகவரை, புளியந்தளிர் எல்லாம் பச்சையாக. வெண்டை, வள்ளைக்கீரை, முட்டைக்கோஸ், காராமணிப் பிஞ்சு எல்லாம் கொதிக்கிற தண்ணீரில் ஒரு முக்கு முக்கி எடுத்தவை. பக்கத்தில் சின்னதாக ஒரு கிண்ணம் ஙப்பிச் சாறு, ஙப்பி என்றால் உப்பிட்டுப் புளிக்கவைத்த மீன் அல்லது இறால் விழுது. ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு இலை, ஒரு காய் என்று தட்டு காலியாகும். நாம் தமிழர்கள் நூறு வருடத்துக்கு மேலாக பர்மியர் பக்கத்திலேயே குடியிருக்கிறோம், மொஹிங்கா என்கிற மீன் சூப் நூடுல்ஸை எடுத்துக்கொண்டோம், கௌசுவே நூடுல்ஸை எடுத்துக்கொண்டோம், இந்தத் தட்டை மட்டும் ஏனோ நம் வீடுகளுக்குள் கொண்டுவரவில்லை. நம் சாப்பாட்டில் காய் என்பது பொரியலாகவோ கூட்டாகவோ ஓரத்தில் இரண்டு கரண்டி, அதுவும் தேங்காயும் எண்ணெயும் சேர்ந்து.

உலக சுகாதார நிறுவனம் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் காயும் பழமும் வேண்டும் என்கிறது. நம் சந்தைக் கணக்கில் அது கிட்டத்தட்ட கால் வீசை (இங்கே ஒரு வீசை சுமார் 1.6 கிலோ, நூறு கியாத்தா). உருளைக்கிழங்கும் சர்க்கரைவள்ளியும் இந்தக் கணக்கில் சேராது, அவை சோற்றுப் பக்கம். ஐந்து பேர் உள்ள வீடு என்றால் பழத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு ஒன்றேகால் வீசை ஆகிறது. இதை முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்குத் திக்கென்றது, ஏனென்றால் நாங்கள் அப்போது வாங்கிக்கொண்டிருந்தது அதில் பாதிகூட வராது. உங்கள் வீட்டில் எவ்வளவு என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். வேறு எதையும் எழுத வேண்டாம், காயும் பழமும் எத்தனை கியாத்தா என்பது மட்டும்.

சரி, வாங்குவது. பெரிய ஃபிரிட்ஜில் ஒரு வாரத்துக்கு அடுக்கி வைக்கிற வேலை இங்கே நடக்காது, கரண்ட் எப்போது வரும் எப்போது போகும் என்று நமக்குத் தெரியும். அதையே சாதகமாக்கிக்கொள்ளலாம்: தினமும் கொஞ்சமாக, அன்று விடிகாலை வந்ததை, அன்றைக்கே சமைப்பது. தெய்ன்ஜி ஜே பக்கம் இருக்கிறவர்களுக்கு 26-ஆம் தெருவில் காலையில் எல்லாமே கிடைக்கும், நம் பெரியவர்கள் இன்னும் சூரத்தி பஜார் என்று சொல்கிற அதே இடம்தான். முருங்கைக்கீரை, பாகல், புடலை, சின்ன வெங்காயம் எதற்கும் அலைய வேண்டியதில்லை. மாடியில் குடியிருந்து சந்தைக்குப் போக முடியாதவர்கள் பால்கனிக் கயிற்றை நம்புங்கள். எங்கள் தெருவில் கீரைக்காரம்மா காலை ஆறரைக்குக் கூவிக்கொண்டு வருவார், கூடையில் பணத்தைப் போட்டு இறக்கினால் இரண்டு கட்டு வல்லாரையும் எலுமிச்சையும் மேலே வரும். ஆனால் வாரத்தில் இரண்டு நாளாவது கீழே இறங்கிப் போய்க் கையால் தொட்டு வாங்குங்கள், அப்போதுதான் தரம் பிடிபடும்.

வல்லாரைக் கட்டை வாங்கும்போது இலையைப் பார்ப்பதைவிடக் காம்பைப் பாருங்கள். நகத்தால் கிள்ளினால் பட்டென்று ஒடிய வேண்டும், வளைந்து நார் இழுத்தால் அது நேற்றைய கட்டு, தண்ணீர் தெளித்துப் புதுசாகக் காட்டியிருக்கிறார்கள். கட்டின் நடுவில் விரலை விட்டுப் பிரியுங்கள், வெளியே பச்சையாகவும் உள்ளே மஞ்சளாகவும் கொழகொழவென்றும் இருந்தால் வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள். கட்டைப் பிரித்ததும் கடைக்கார அமாவுக்குக் கோபம் வரும் என்று பயப்பட வேண்டாம், தினமும் வாங்குகிறவள் என்று தெரிந்தால் அவரே உள்ளே இருந்து நல்ல கட்டை எடுத்துத் தருவார். வெண்டை என்றால் நுனி ஒடிய வேண்டும், கத்திரிக்காய் என்றால் காம்பு பச்சையாக இருக்க வேண்டும், இதெல்லாம் உங்களுக்கே தெரியும். மீனுக்குச் செவுள் சிவப்பு, கண் தெளிவு, அமுக்கினால் சதை திரும்ப எழும்ப வேண்டும்.

கழுவுவதில் சோம்பல் கூடாது. இலை இலையாகப் பிரித்து, பாத்திரத்துத் தண்ணீரில் மூன்று முறை அலசி, கடைசியாக ஓடுகிற தண்ணீரில் காட்டுங்கள். மழைக்காலத்தில், அதாவது மே நடுவில் இருந்து அக்டோபர் வரைக்கும், நான் எதையுமே பச்சையாக வைப்பதில்லை, வெள்ளரியைத் தோல் சீவி வைப்பதோடு சரி. வள்ளைக்கீரை போலத் தண்ணீரில் வளர்கிறவற்றை எந்தக் காலத்திலும் வேகவைத்தே சாப்பிடுங்கள், குட்டையில் இருக்கிற புழுவின் முட்டை கண்ணுக்குத் தெரியாது. கொதிக்கும் தண்ணீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்தால் நிறமும் போகாது, கடிக்கும்போது நறுக்கென்றும் இருக்கும்.

நிறத்தைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2009-இல் இங்கே விற்ற லப்பெட் என்கிற ஊறவைத்த தேயிலை வகைகள் பலவற்றில் துணிக்குப் போடுகிற ஆரமின் ஓ என்ற மஞ்சள் சாயம் இருந்ததைச் சுகாதார அமைச்சே கண்டுபிடித்து அறிவித்தது நினைவிருக்கும். அதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பழக்கம், கண்ணைப் பறிக்கிற நிறத்தில் எது இருந்தாலும் வாங்குவதில்லை. மிளகாய்த்தூள் வாங்குவதை விட்டுவிட்டு வற்றலை வாங்கி வெயிலில் காயவைத்து வீட்டிலேயே இடிக்கிறேன். மஞ்சளும் கிழங்காக வாங்கி இடிப்பதுதான். மாதத்தில் ஒரு அரைநாள் வேலை, அவ்வளவே.

கீரைத்தட்டுக்குத் தொட்டுக்கொள்ள என்ன என்று கேட்பீர்கள். ஙப்பிச் சாறு வைக்கிற வீடு என்றால் வையுங்கள், ஆனால் அதில் உப்பு அதிகம். ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் இருக்க வேண்டும், அது தலைதட்டிய ஒரு டீஸ்பூன், சமையல் உப்பும் மீன் சாறும் கருவாடும் ஊறுகாயும் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஆகவே ஙப்பியைப் பாதியாகக் குறைத்து, சுட்ட தக்காளி, சுட்ட பூண்டு, பச்சை மிளகாய், எலுமிச்சைச் சாறு சேர்த்து இடித்துக்கொள்ளுங்கள், புளிப்பு ஏறினால் உப்பு குறைந்தது நாக்குக்குத் தெரியாது. சைவ வீடுகளுக்கு நம்மிடம் இல்லாத துவையலா? கொள்ளுத் துவையல், பருப்புத் துவையல், எள்ளுத் துவையல். பகான் பக்கத்தில் இருந்து வருகிற பொன்யேஜி தெரியுமா, கறுப்பாகக் களி மாதிரி விற்பார்கள், அது கொள்ளை வேகவைத்துப் புளிக்கவிட்டுக் காய்ச்சியது. நம் கொள்ளுதான் அது என்று தெரிந்த நாளில் என் மாமியார் ஒரு பிடி வாங்கிவரச் சொன்னார். பச்சை வெங்காயம், வறுத்த வேர்க்கடலை, ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து வெள்ளரியோடு வைத்தோம். "இது எங்கம்மா வைக்கிற கொள்ளுச் சாறு மாதிரியே இருக்குடி" என்றார். அன்றிலிருந்து வாரம் ஒரு தடவை வீட்டில் உண்டு. அதிலும் உப்பு இருக்கிறது, கொஞ்சமாகத்தான் எடுக்க வேண்டும்.

இரண்டு வாரம் கீரைத்தட்டு பழகியதும் எண்ணெய்க்கு வாருங்கள். இங்கேதான் உண்மையான வேலை இருக்கிறது. நம் கறியும் சரி, பர்மியக் கறியும் சரி, எண்ணெய் மேலே மிதந்தால்தான் நல்ல கறி என்று பழகிவிட்டோம். அவர்கள் அதற்கு சீ பியான் என்று பெயரே வைத்திருக்கிறார்கள், எண்ணெய் திரும்பி வந்த கறி. வெங்காயம், பூண்டு, இஞ்சி, மிளகாயை எண்ணெயில் போட்டு அதிலுள்ள தண்ணீர் எல்லாம் வற்றும்வரை விட்டால் எண்ணெய் தனியாகப் பிரியும், மசாலா வெந்ததற்கு அதுதான் அடையாளம். ஃபிரிட்ஜ் இல்லாத காலத்தில் அந்த எண்ணெய்ப் படலம் ஈ எறும்பில் இருந்து கறியைக் காத்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். இப்போது நாம் அன்றைக்குச் சமைத்ததை அன்றைக்கே சாப்பிடப் போகிறோம், அந்தப் படலம் எதற்கு?

செய்முறை சொல்கிறேன். ஐந்து பேருக்கான கறிக்கு மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் மட்டும் அளந்து ஊற்றுங்கள், சாய்த்து ஊற்றாதீர்கள், சாய்த்தால் கை தானாக ஆறு கரண்டி ஊற்றும். இடித்த வெங்காய விழுதைப் போட்டு, அடுப்பைக் குறைத்து, மூடி போடுங்கள். அடிப்பிடிக்கிற மாதிரி தெரிந்தால் எண்ணெய்க்குப் பதில் இரண்டு கரண்டி வெந்நீர், மறுபடி மூடி. பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் பச்சை வாசனை போய் விழுது பொன்னிறமாகச் சுருளும், ஓரத்தில் மினுமினுவென்று எண்ணெய் தெரியும், அது போதும். மீனைப் போட்டு வெந்தபின் பாத்திரத்தைச் சாய்த்து வைத்துப் பாருங்கள், மேலே எண்ணெய் தேங்கினால் கரண்டியால் எடுத்து அன்றைய கீரையை வதக்கப் பயன்படுத்துங்கள். மசாலா வாசனையோடு கீரையும் ருசிக்கும், புதிதாக எண்ணெயும் ஊற்ற வேண்டியதில்லை.

எந்த எண்ணெய் என்பதைவிட எவ்வளவு என்பதுதான் முக்கியம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 4, 5 டீஸ்பூன் போதும். அந்தக் கணக்கில் ஐந்து பேருக்கு மாதம் இரண்டு வீசை. நாங்கள் நாலு வீசை வாங்கிக்கொண்டிருந்தோம், இரண்டேகாலுக்கு வர எட்டு மாதம் ஆனது. எண்ணெய் வாங்கிய அன்று பாட்டிலில் பேனாவால் வாரத்துக்கு ஒரு கோடு போட்டுவிடுங்கள், கோட்டைத் தாண்டினால் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கடையில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் மலேசியா, இந்தோனேசியாவில் இருந்து வருகிற பாமாயில், அதில் உறைகிற கொழுப்பு கூடுதல். மக்வே, மண்டலே பக்கத்துச் செக்கில் ஆட்டிய கடலெண்ணெயும் நல்லெண்ணெயும் விலை அதிகம்தான். நான் யோசித்துப் பார்த்தேன்: பாமாயில் நாலு வீசைக்குக் கொடுத்த காசில் நல்ல கடலெண்ணெய் இரண்டு வீசைக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். கடலெண்ணெய் என்று சொல்லிப் பாமாயில் கலந்து விற்கிறவர்களும் உண்டு, அதனால் தெரிந்த கடையில், கடலை வாசனை பிடித்துப் பார்த்து வாங்குங்கள்.

சோற்றை நான் யாரையும் விடச் சொல்லமாட்டேன். பவுசான் அரிசி விளைகிற நாட்டில் இருந்துகொண்டு சோறு சாப்பிடாதே என்றால் யார் கேட்பார்கள்? 2011-இல் உலகத்திலேயே சிறந்த அரிசி என்று பரிசு வாங்கியது நம் பவுசான்தான். அளவையும் தீட்டலையும் பாருங்கள். ஆலையில் வெள்ளை வெளேரென்று தீட்டும்போது தவிட்டோடு பி1 விட்டமின் பெரும்பாலும் போய்விடுகிறது. 1890-களில் ஜாவாவில் எய்க்மன் என்ற டச்சு மருத்துவர், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் விளங்காமல் விழுந்ததையும் தீட்டாத அரிசி போட்டதும் எழுந்ததையும் பார்த்துத்தான் பெரிபெரி நோய்க்கான காரணம் பிடிபட ஆரம்பித்தது, 1929-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. பிள்ளை பெற்ற தாய்மாருக்குப் பத்தியம் என்று வெறும் வெள்ளைச் சோறும் உப்பும் மட்டும் கொடுக்கிற வழக்கம் நம் பக்கத்திலும் பர்மியர் பக்கத்திலும் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து அதை நிறுத்துங்கள், தாயின் உடம்பில் பி1 குறைந்தால் தாய்ப்பாலிலும் குறையும், பால் குடிக்கிற குழந்தை உயிருக்கே ஆபத்து. பருப்பு, மீன், முட்டை, பயறு, கீரை எல்லாம் அவளுக்கு வேண்டும்.

தீட்டாத அரிசியை லோண்டீ என்று கேட்டால் தருவார்கள். ஒரே நாளில் முழுக்க மாறினால் வீட்டில் யாரும் வாயில் வைக்கமாட்டார்கள். முதல் வாரம் பால் டின்னால் அளந்து ஏழு டின் வெள்ளை அரிசிக்கு ஒரு டின் லோண்டீ, ஆக மொத்தம் எட்டு டின், இங்கத்திய அளவில் ஒரு பியி. லோண்டீயைத் தனியாக இரண்டு மணி நேரம் ஊறவைத்து அப்புறம் கலந்து வேகவையுங்கள், அப்போது இரண்டும் ஒன்றாக வேகும். இரண்டு வாரத்துக்கு ஒரு டின் கூட்டிக்கொண்டே போங்கள். நாங்கள் பாதிக்குப் பாதியில் நின்றுவிட்டோம், அதற்கு மேல் மாமியாருக்குச் செரிக்கவில்லை. கஞ்சியை வடித்துக் கொட்டுகிற வழக்கம் இருந்தால் விடுங்கள், சத்து தண்ணீரோடு போய்விடும், வற்றும் அளவுக்குத் தண்ணீர் வைத்தாலே போதும், அல்லது வடித்த கஞ்சியைச் சூப்புக்கு ஊற்றுங்கள். தட்டில் முதலில் கீரையும் காயும், அப்புறம் மீனோ பருப்போ, கடைசியில் சோறு என்று வைத்துப் பாருங்கள், சோறு தானாகக் குறையும். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுக்கிறவர்கள் சோற்றைக் குறைக்கும் முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், மருந்து அதே அளவில் இருந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கேட்காமல் கீரையைக் கூட்ட வேண்டாம்.

பருப்பில் நாம் கொடுத்துவைத்தவர்கள். இந்தியாவுக்குக் கப்பல் கப்பலாகப் போகிற உளுந்தும் துவரையும் இந்த மண்ணில் விளைந்தவை, ஐராவதி டெல்டாவிலும் பாகோவிலும் நெல் அறுத்த வயலில் உளுந்து போடுவார்கள். அங்கே மட்பே என்று வாங்குகிறார்கள், நாம் இங்கே மூட்டையில் இருந்து அளந்து வாங்கலாம். காலைக்கு இட்லி, அல்லது தோல் உளுந்தோடு அரைத்த தோசை, கூடவே சாம்பாரில் முருங்கைக்காயும் பரங்கியும் நிறைய. வெளியே வாங்கினால் பே பியோ வாங்குங்கள், முளைகட்டி வேகவைத்த பட்டாணி, தலையில் தட்டு வைத்துக்கொண்டு விடியலில் கூவி விற்பார்கள். நான் முந்தின இரவே தண்ணீர் ஊற்றி வைத்த பழைய சோற்றோடு ஒரு கிண்ணம் பே பியோ, சின்ன வெங்காயம், கொஞ்சம் எலுமிச்சை என்று பிசைந்து கொடுக்கிறேன், பிள்ளைகளும் சாப்பிடுகிறார்கள். வெயில் காலத்தில் பழைய சோற்றைக் காலை தாண்டி வைக்காதீர்கள். மொஹிங்கா பிடிக்கும் என்றால் சாப்பிடுங்கள், மீனும் வாழைத்தண்டும் எலுமிச்சைப்புல்லும் உள்ள நல்ல சூப்தான் அது. மேலே போடுகிற சுரைக்காய் பஜ்ஜியை வேண்டாம் என்று சொல்லி, முட்டை ஒன்று கேளுங்கள், வாழைத்தண்டு கூடுதலாகப் போடச் சொல்லுங்கள். காலையில் டப்பா நூடுல்ஸைக் கொதிக்கவைத்துக் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்புகிற வீடுகளைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. அதே நேரத்தில் ஒரு முட்டையும் ஒரு கிண்ணம் பே பியோவும் தயாராகிவிடும்.

டீ. இதுதான் எங்கள் வீட்டில் கடைசியாக வழிக்கு வந்தது. டின் பாலில், அதாவது கண்டென்ஸ்டு மில்க்கில், பாலின் சொந்தச் சர்க்கரையையும் சேர்த்து, எடையில் பாதிக்கு மேல் சர்க்கரைதான். ஒரு மேசைக்கரண்டி 20 கிராம் என்றால் அதில் 10 கிராம் சர்க்கரை. டீக்கடையில் இனிப்பாக ஒரு லப்பெயே, அதாவது பால் டீ, குடித்தால் இரண்டு கரண்டியாவது உள்ளே போகும், அப்படி மூன்று டீ என்றால் 60 கிராம், உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்சவரம்பு சாதாரண ஆளுக்கு ஒரு நாள் முழுக்க 50 கிராம்தான், 25-க்குள் இருந்தால் இன்னும் நல்லது. என் வீட்டுக்காரர் செய்தது இது: முதலில் 'சோ' என்று இனிப்பாகக் கேட்பதை விட்டு 'ச்சா' என்று திடமான டீயாகக் கேட்டார். ஒரு மாதம் கழித்து மூன்றை இரண்டாக்கினார். நண்பர்களோடு உட்காரும் அந்த மூன்றாவது தடவைக்கு மேசையிலேயே இலவசமாக இருக்கிற யே நுவே ஜான், அந்தப் பச்சைத் தேயிலைத் தண்ணீர். உட்கார்ந்து பேசுவதற்கு ஒரு குவளை கையில் வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது என்று அப்போதுதான் எனக்கும் புரிந்தது. சாப்பிட்டவுடன் டீ குடிப்பதை மட்டும் ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள், பால் டீயானாலும் பச்சை டீயானாலும், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை டீ உடம்பில் சேரவிடாது. கீரையில் எலுமிச்சை பிழிந்தால் அதே இரும்புச்சத்து நன்றாகச் சேரும். ரத்தசோகை உள்ள பெண்பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இந்த இரண்டையும் இன்றே செய்யலாம், காசும் ஆகாது.

வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் பகான் பனைவெல்லம் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். ருசிக்குப் போடுங்கள், எனக்கும் பிடிக்கும். ஆனால் சர்க்கரை நோய்க்காரருக்கு அதுவும் சர்க்கரைதான், அளவு மாறாது.

அந்த வெள்ளைத் தூளைப் பற்றியும் சொல்ல வேண்டும், பர்மிய மொழியில் இனிப்புத்தூள் என்பார்கள், நாம் அஜினமோட்டோ என்போம். அது விஷம் என்று நான் சொல்லமாட்டேன். அதில் இருக்கும் சோடியம் உப்பில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் வெறும் தண்ணீரைக்கூட அது சூப் மாதிரி ஆக்கிவிடுவதால் காயும் பருப்பும் போடாமலே குழம்பு வைக்கப் பழகிவிடுகிறோம், என் வருத்தம் அதுதான். புளிச்சக்கீரையை வெறும் தண்ணீரில் வேகவைத்து, நாலு பல் பூண்டு தட்டிப் போட்டு, ஒரு பிடி உலர்ந்த இறால் இடித்துப் போட்டுப் பாருங்கள். இறால் சேராத வீட்டில் வறுத்த பயத்தம்பருப்பு போடலாம். அந்தப் புளிப்புச் சாறுக்கு எந்தத் தூளும் தேவைப்படாது.

பழத்தைப் பருவத்தோடு போங்கள், அப்போதுதான் விலையும் கட்டும். ஏப்ரல் கடைசியில் இருந்து செய்ன் தலோன் மாம்பழம், மழை தொடங்கியதும் மோன் பக்கத்து ரம்புட்டானும் மங்குஸ்தானும், குளிர் தொடங்கினால் ஷான் ஆரஞ்சு. வருடம் முழுக்க வாழை. பழத்தைப் பிழிந்து சாறாகக் கொடுக்காமல் அப்படியே கொடுங்கள்.

கோயிலில் அன்னதானம், கல்யாணம், காதுகுத்து என்று வரும்போது என்ன செய்வது? போங்கள், சாப்பிடுங்கள், அன்னம் போடுகிறவர் மனசு நோகக்கூடாது. இலை போட்டதும் கூட்டையும் பொரியலையும் முதலில் சாப்பிட்டு முடித்துவிடுங்கள், பரிமாறுகிற அண்ணன் இரண்டாம் முறை வாளியோடு வரும்போது "அண்ணே, சோறு போதும், கூட்டு வையுங்க" என்று கேளுங்கள், பெரும்பாலும் கூட்டுதான் மிச்சம் இருக்கும், சந்தோஷமாக வைப்பார்கள். போன தைப்பூசத்துக்கு என் வீட்டுக்காரர் அப்படிக் கேட்டதும் பக்கத்து இலையில் இருந்த பெரியவர், "எனக்கும் அதே வைப்பா" என்று இலையை முன்னால் தள்ளினார்.